மேஸ்திரி கொடுத்த வளையம்

வளையம் மார்பைத் தாண்டி இறங்கி, வயிற்றின் மேல்படியில் வந்து நின்றுவிட்டது.

பூதத்தான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு குடிசையின் நடுவில் நின்றான். அவன் மனைவி ஆறுமுகத்தாய் முட்டி போட்டு உட்கார்ந்து, இரும்பு வளையத்தை இரண்டு பக்கமும் பிடித்துக் கீழே இழுத்தாள். வளையம் அசையவில்லை. பூதத்தான்தான் அசைந்தான்.

"மூச்ச விட்டுராதிய."

"எம்புட்டு நேரம்டி விடாம நிக்க?"

"பேசாதிய. பேசுனா மூச்சு வெளிய வருதுல்லா."

மூச்சு வந்துவிட்டது. உள்ளே போயிருந்த வயிறு, ஊருக்குப் போனவன் திரும்பி வந்ததுபோல் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஆறுமுகத்தாய் வளையத்தை மேலே கழற்றி, சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

"நேத்தைக்கு இன்னிக்கு ஒரு நெல்லளவு எறங்கியிருக்கு" என்றாள்.

"நெல்லளவு நெல்லளவா எறங்குனா இந்தத் தீவாளிக்கு எப்படிடி ஆவும்?"

"எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்."

"தேயும். அந்த எறும்பு எத்தன தலமொற ஊருச்சோ, யாரு கண்டா."

தாராவிச் சந்தில் பூதத்தான் சர்க்கஸில் சேரப் போகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. காலையில் கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்தவர்கள் கிளப்பியது. அவன் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்வதைவிட சர்க்கஸ் மேல்.

உண்மை இதுதான். பூதத்தான் செம்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு எண்ணெய் மில்லில் பாயிலர் சுரண்டுகிற கூட்டத்தில் இருந்தான். வருஷம் முழுக்கத் தண்ணீர் கொதித்துக் கொதித்து பாயிலரின் உள்சுவரில் உப்பு கல்லாகப் படிந்துவிடும். தீபாவளிக்கு மில்லை மூடும்போது பாயிலரை ஆறவிட்டுத் திறப்பார்கள். முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியே சுத்தியலும் உளியும் விளக்குமாக உள்ளே நுழைந்து, படிந்ததைத் தட்டி எடுக்க வேண்டும். வெளியே நிற்கிற மேஸ்திரி அடிக்கடி பேர் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே இருப்பவன் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். மற்ற மாதங்களில் அதே மில்லில் தொட்டி கழுவுவது, அடைத்த குழாயைக் குத்திவிடுவது என்று சில்லறை வேலை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டையில் யார் நுழைவார்கள், யார் மாட்டுவார்கள் என்று ஒருவரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் உள்ளே போனவன் வெளியே வரமாட்டான். அதனால் அந்தப் பேச்சே கிடையாது. எதுவானாலும் ஓட்டை சொல்லும் என்று விட்டுவிடுவார்கள்.

போன தீபாவளிக்கு அது பிரம்மநாயகத்துக்குச் சொல்லிவிட்டது. நல்ல வேலைக்காரன் பிரம்மநாயகம். தலை போயிற்று, தோள் போயிற்று, இடுப்பு போகவில்லை. நாலு பேர் சேர்ந்து எண்ணெய் ஊற்றிக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். மேஸ்திரி முகைதீன் அவன் தோளில் கை போட்டு, "வா, மொதலாளி சேட்டைப் பாத்துட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் முதல் பிரம்மநாயகத்தைக் காணோம். சில நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டான். யாரும் கேட்கவில்லை. கேட்பது வழக்கமில்லை.

அன்றைக்குப் பூதத்தான் மெலிந்துதான் இருந்தான். இந்த மழைக்காலம்தான் அவனைக் கெடுத்தது. மழையில் வேலை பாதியாகிவிட, ஆறுமுகத்தாய் மாதுங்காவில் ரயில்வே கிளார்க் திருவேங்கடம் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அந்த வீட்டம்மா விஜயலக்ஷ்மிக்குத் தாராளமான கை. நெய் ஒழுகுகிற பொங்கலும், முந்தின நாள் சாம்பார் சாதமும், விசேஷ நாளென்றால் பாயசமும் தூக்குவாளியில் தாராவிக்கு வந்தன. வெளியே மழை. உள்ளே தூக்குவாளி. வேறு என்ன செய்வான்?

மழை விட்டு முழு வேலைக்குப் போன முதல் நாள், முகைதீன் மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தார். முகைதீனுக்கு மேலப்பாளையம். அவர் ஒரு இடத்துக்கு வருகிறார் என்றால் முதலில் தொப்பை வந்து சேரும், பிறகு அவர் வருவார். அவர் சந்தையில் கிடா பார்க்கிறவரைப் போல பூதத்தானின் வயிற்றை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் இரும்புக் கம்பியில் ஒரு வளையம் செய்து கொண்டுவந்தார்.

"ஓட்டையோட அளவுலே இது. வீட்டுல வெச்சுத் தெனம் போட்டுப் பாரு. தீவாளிக்கு இன்னும் நாள் கெடக்கு."

"போட்டுப் பாத்து மாமா?"

"பாத்து என்ன. நான் வாயத் தொறந்து சொல்லக்கூடாது, ஒனக்குத் தெரியாதா? ஓட்ட சொல்லும்." அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தீவாளியோட நான் ஊருக்கு ரயில் ஏறிருவேம்ல. போறதுக்கு முன்ன கூட்டத்த ஒழுங்கு பண்ணி வெச்சிட்டுப் போவணும்."

ஒழுங்கு பண்ணுவது என்றால் என்ன என்று பிரம்மநாயகத்தைப் பார்த்தவனுக்குத் தெரியாதா? பூதத்தான் கூட்டத்துக்கு வருமுன் தோல் பட்டறையில் இருந்தவன். சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்து, உள்ளங்கை தோல் உரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் ஆறுமுகத்தாய் ஊட்டிவிட்ட நாட்கள் உண்டு. மறுபடி அந்தத் தொட்டிக்குப் போக முடியாது. இந்த ஓட்டையில் நுழைந்தால்தான் பிழைப்பு.

"கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்லுவாவ" என்று ஆறுமுகத்தாய் முதலில் கொள்ளுக் கஞ்சியில் ஆரம்பித்தாள். மூன்று வேளையும் கொள்ளு. பூதத்தானின் வயிறு தவில் போல் ஊதிக்கொண்டது. விரலால் சுண்டினால் சத்தம் வந்தது. வளையம் முன்பு நின்ற இடத்துக்கும் மேலேயே நின்றது. மில்லில் அவன் பக்கத்தில் நின்று குழாய் குத்த ஆட்கள் தயங்கினார்கள்.

கொள்ளை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான். செம்பூரிலிருந்து தாராவி வரை பஸ் ஏறாமல் நடை. நடந்து வந்து சேர்வதற்குள் வயிறு ஒட்டிவிடும். ஒட்டின வயிற்றோடு உட்கார்ந்தால் சட்டியில் இருப்பது போதாது. ஆறுமுகத்தாய் தன் பங்கையும் தள்ளிவிட்டு, தான் பட்டினி கிடந்தாள். கொஞ்ச நாளில் வளையம் ஆறுமுகத்தாயின் தலையிலிருந்து கால் வரை சரளமாக இறங்கியது.

"நான் வேணா ஒங்களுக்குப் பதிலா உள்ள போயிட்டு வாரேன்" என்றாள்.

இதற்கிடையில் வடை வேறு. மில் வாசலில் பலகாரக் கடை போட்டிருந்த சொர்ணம்மாள் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, இலையில் உளுந்த வடையும் சீனிப் பணியாரமும் வைத்து நீட்டினாள்.

"நான் கேக்கலியே."

"துட்டு வந்தாச்சு. தின்னும்."

"யாரு குடுத்தா?"

"வாயக் கிளறாதீரும். சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

பூதத்தான் திரும்பிப் பார்த்தான். எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒரு தொப்பை தெரிந்தது. பிறகு முகைதீனின் முகம் எட்டிப் பார்த்து, 'தின்னு, தின்னு' என்று தலையசைத்துவிட்டு மறைந்தது.

பூதத்தான் குழம்பிப் போனான். இந்த மனுஷர் வளையத்தையும் கொடுக்கிறார், வடையையும் கொடுக்கிறார். ஒரு கையால் கிணற்றுக்கு ஏணி போட்டுவிட்டு மறுகையால் தள்ளிவிடுகிறது போல் இருக்கிறதே. ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்ப நேராகச் சொன்னால் போதாதா? உளுந்து ஊறப்போட்டு, ஆட்டி, எண்ணெயில் பொரித்தா அனுப்ப வேண்டும்?

வடை தினமும் வந்தது. மறுத்தால் மேஸ்திரிக்குப் பொல்லாப்பு. தின்றால் வளையத்துக்குப் பொல்லாப்பு. கடைசியில் நயினாரிடம் கொடுத்தான். நயினார் கூட்டத்தில் இன்னொருவன், முருங்கைக்காய்க்குச் சட்டை போட்டது போல் இருப்பான்.

"ஏன் அண்ணாச்சி, ஒங்களுக்கு வேண்டாமா?"

"எனக்கு வயித்துக்குச் சேராதுலே."

"ஒங்களுக்காவ நான் திங்கேன் அண்ணாச்சி." நயினார் தொட்டியின் மறைவில் உட்கார்ந்து, பூதத்தானுக்காக ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் தின்றான். முகைதீன் வந்து பார்க்கும்போது பூதத்தான் கையில் வெறும் இலை இருக்கும். மேஸ்திரி முகம் மலர்ந்து போவார்.

வளையத்தை மட்டும் நம்பினால் மனசு விட்டுப் போகிறது என்று, தோல் கிடங்குத் தராசில் ஏறி ஒரு நாள் எடை பார்த்தான். நூற்று எழுபது ரத்தல். பசியோடு பல நாள் நடந்தான். அதற்குப் பிறகு மாதுங்கா ஸ்டேஷனில் புதிதாக வைத்திருந்த எடை மெஷினைப் பார்த்தான். ஏறி நின்று காசு போட்டான். உள்ளே சக்கரம் சுற்றி, விளக்கு எரிந்து அணைந்து, ஒரு சின்ன அட்டை விழுந்தது. எழுத்து இங்கிலீஷ். எண் மட்டும் அவனுக்குத் தெரியும். எழுபத்தெட்டு.

பூதத்தான் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். கீழே குனிந்து தன் கால்கள் இருக்கின்றனவா என்று பார்த்தான். நூற்று எழுபது எங்கே, எழுபத்தெட்டு எங்கே. பாதிக்கு மேல் போய்விட்டது. சட்டை அதே சட்டை, வயிறும் அதே இடத்தில் இருப்பதுபோல்தான் இருக்கிறது. ஆனால் கண் பொய் சொல்லலாம், ரயில்வே பொய் சொல்லுமா?

இனி மேலும் இளைத்தால் ஆபத்து என்று பயம் வந்துவிட்டது. எதிரே இருந்த ஓட்டலில் நுழைந்து தோசையும் கேசரியும் தின்றான். வீட்டுக்கு வந்ததும் ஆறுமுகத்தாய் வைத்திருந்த பொங்கலைத் தூக்குவாளியோடு காலி செய்தான்.

"பாதி ஆளு போயிட்டேன்டி. பாத்தியா?"

ஆறுமுகத்தாய் சுற்றி வந்து பார்த்தாள். "எந்தப் பாதி போயிருக்கு?"

"மெஷின் சொல்லுது. ரயில்வே மெஷின்."

"அப்ப வளையத்தப் போட்டுப் பாருங்க."

போட்டான். நின்றது. மெஷின் சொன்ன பிறகு வளையத்துக்கு என்ன திமிர் என்று இருவருக்கும் கோபம். தேங்காய் எண்ணெயை வயிற்றில் கொட்டித் தேய்த்தார்கள். அவன் மூச்சை இழுத்தான். அவள் முழு பலத்தோடு தொங்கினாள். வளையம் ஒரு சத்தத்தோடு வயிற்றைத் தாண்டி இறங்கி இடுப்பில் போய் உட்கார்ந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு கழற்றப் பார்த்தார்கள். மேலே வயிறு. கீழே இடுப்பெலும்பு. வளையம் இரண்டுக்கும் நடுவில் குடிவந்துவிட்டது.

"காலையில தானா எறங்கிரும்" என்றாள் ஆறுமுகத்தாய், சுவரைப் பார்த்துக்கொண்டு.

காலையிலும் இறங்கவில்லை. அதன் மேலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு மாதுங்கா ஸ்டேஷனுக்கு நடந்தான். டிக்கெட் ஜன்னலில் திருவேங்கடம் உட்கார்ந்திருந்தார். அட்டையை நீட்டி, மெஷின் கெட்டுப் போயிருக்கிறது என்று புகார் சொன்னான்.

திருவேங்கடம் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மெஷின் சரியாத்தாம்ப்பா இருக்கு. இது கிலோ. கவர்மெண்டு ரத்தலையெல்லாம் எடுத்துட்டான், தெரியாதோ? ஒரு கிலோன்னா ரெண்டு ரத்தல், மேல கொசுறு."

"அப்ப எம்புட்டு கொறஞ்சிருக்கேன் சாமி?"

அவர் பென்சிலால் உள்ளங்கையில் கணக்குப் போட்டார். "கொறையலை. ஒரு ரெண்டு ரத்தல் ஏறியிருக்கே."

பூதத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"பின்னாடி ஜோசியமும் போட்டிருக்கான். வாசிக்கட்டுமா? 'உமது குரலுக்குப் பலர் கட்டுப்படுவர்.'"

"எங்க சந்து நாயே கட்டுப்படாது சாமி" என்று சொல்லிவிட்டு பூதத்தான் பஸ்ஸுக்குப் போனான்.

பஸ்ஸில் அவன் ஏறியதும் வாசல் அடைத்துக்கொண்டது. சட்டை இரண்டு பக்கமும் கூடாரம் போல் நின்றது. "அந்தர் க்யா ஹை? லக்கேஜ் கா டிக்கட் லகேகா" என்றான் கண்டக்டர். உள்ளே என்ன, சாமானுக்குத் தனி டிக்கெட் வேண்டும் என்கிறான்.

"பேட் ஹை சாப்" என்றான் பூதத்தான். வயிறுதான் ஐயா.

கண்டக்டர் டிக்கெட் துளைக்கிற கருவியால் அந்த வயிற்றைத் தட்டினான். டங் என்றது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பூதத்தான் பேசாமல் லக்கேஜ் டிக்கெட் எடுத்தான்.

மில்லில் முகைதீன் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வளையத்தைச் சுற்றி விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"மாஷா அல்லா" என்றார்.

பூதத்தானுக்கு அழுகை வந்தது. "மாமா, என்னைய அப்படி ஒண்ணும் பண்ணிராதிய. நான் பிரம்மநாயகம் மாதிரி..."

"உஸ்." முகைதீன் அவன் வாயைப் பொத்தினார். "பாயிலர் பக்கத்துல நின்னுக்கிட்டு என்னலே பேச்சு? எல்லாம் நல்லபடியா முடியும். ஒண்ணும் மெனக்கெடாத. இப்படியே இரு." பிறகு சொர்ணம்மாளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பூதத்தானுக்கு ரெண்டு பன்னு. வெண்ணெய அள்ளி வையி தாயி."

இப்படியே இரு என்றால், இப்படியே இருந்து வேலையை இழந்து போ என்றுதானே. சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிற ஆள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். வெண்ணெய் தடவி அறுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறான். ஆனாலும் அன்றைக்கு மேஸ்திரி எதிரிலேயே நின்றதால் இரண்டு பன்னையும் தின்ன வேண்டியதாயிற்று.

சாயங்காலம் தாராவியில் டின் பட்டறை வைத்திருந்த இனாயத்துல்லாவிடம் போனான். இனாயத்துல்லாவுக்கு வாணியம்பாடிப் பக்கம்.

"இன்னாப்பா இது, பீப்பாய்க்குப் பட்டை அடிச்ச மாதிரி?"

"வெட்டி எடும் பாய். ஆனா திரும்ப ஒட்டித் தந்துரணும். மேஸ்திரி குடுத்தது."

இனாயத்துல்லா அவனைப் பலகையில் சாய்த்து, தோலுக்கும் கம்பிக்கும் நடுவில் கிழிந்த தோல் துண்டைச் செருகி, அரத்தால் அறுத்தார். வளையம் விட்டுக்கொண்டது. பூதத்தான் விட்ட மூச்சில் பட்டறைத் தூசி பறந்தது.

"நுனியோட நுனி வெச்சா நிக்காது" என்றார் இனாயத்துல்லா. "ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஆணி அடிக்கணும். நாலு விரக்கடை மேல ஏறிப்பூடும். பரவால்லியா?"

"ஏறட்டும் பாய். ஒட்டுனாப் போதும்."

நாலு விரற்கடை ஏறியது. அதைப் பற்றிப் பூதத்தான் அப்புறம் யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை வளையம் வயிறு வரைக்கும்கூட வரவில்லை. மார்பிலேயே நின்றுவிட்டது.

"ஒரே நாள்ல மாரு பெருக்குமாடி?"

"அந்த ரெண்டு பன்னுதான்" என்றாள் ஆறுமுகத்தாய். "வெண்ண நேரா மாருக்குத்தான் போவும்."

அன்றோடு பூதத்தான் சோற்றைத் தொடவில்லை. காலையில் நீராகாரத்தில் தண்ணீரை மட்டும் குடித்தான். மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய். சாயங்காலம் ரசம், சோறு இல்லாமல். மாதுங்காவிலிருந்து தூக்குவாளி வந்தால் ஆறுமுகத்தாய் அதை வாசலோடு பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாளிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவாள், வாசனை கூடத் தொற்றக் கூடாதென்று. இரவில் அவன் புரளும்போது, "தூங்குங்க, தூங்குனா பசி தெரியாது" என்பாள். "பசியில எப்படித் தூங்க?" என்பான்.

சில வாரங்களில் வேட்டி இடுப்பில் நிற்காமல் இறங்க ஆரம்பித்தது. கன்னத்தில் குழி விழுந்தது. முப்பிடாதியம்மாள், "ஆசுபத்திரியில காட்டுனியளா? எங்க மாமாவுக்கு இப்படித்தான் வந்துது" என்று ரகசியமாகக் கேட்டாள். ஆனால் வளையம் மார்பை விட்டு அரை விரல்தான் இறங்கியிருந்தது.

வேட்டி இறங்குகிறது. வளையம் இறங்கமாட்டேன் என்கிறது. இரண்டில் எதை நம்புவது? பூதத்தானுக்குத் தலை சுற்றியது. அது பட்டினியாலா குழப்பத்தாலா என்பதும் தெரியவில்லை.

"விட்டுரலாம்டி. என்னால ஆவாது. தோல் பட்டறைக்கே போயிருதேன்."

ஆறுமுகத்தாய் அவன் உள்ளங்கையைத் திருப்பி, பழைய தழும்பைத் தடவினாள். "இன்னும் கொஞ்ச நாளுதானே. நேத்தைக்கு இன்னிக்கு ஒரு நெல்லளவு எறங்கியிருக்கு."

அது பொய் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த நெல்லைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாளும் வெள்ளரிக்காய் தின்றான்.

ஒரு நாள் சயான் பஸ் நிறுத்தத்தில் பிரம்மநாயகத்தைப் பார்த்தான். வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு, வெயிலுக்குக் குடை. பூதத்தானுக்குப் பாவமாக இருந்தது. வேலை போனவன் அது ஊருக்குத் தெரியக் கூடாதென்று எப்படியெல்லாம் உடுத்த வேண்டியிருக்கிறது. கையில் வேலை உள்ளவன் பகலில் குடை பிடித்து நிற்பானா? பிரம்மநாயகம் இவனைப் பார்த்துக் கையசைத்தான். கடன் கேட்டாலும் கேட்பான் என்று பூதத்தான் ஒரு மாட்டு வண்டியின் மறைவில் நழுவிவிட்டான். அன்றைக்கு வெள்ளரிக்காயிலும் பாதிதான் தின்றான்.

தீபாவளிக்கு மில்லை மூடினார்கள். பாயிலர் ஆறியது. ஓட்டையின் மூடியைக் கழற்றி வைத்தார்கள். சேட் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் துணி போட்டு எதையோ மூடி வைத்திருந்தது. சொர்ணம்மாளும் வேடிக்கை பார்க்க உள்ளே வந்திருந்தாள்.

பூதத்தான் சட்டையைக் கழற்றினான். வளையத்தை அறுத்ததிலிருந்து மேஸ்திரிக்கு எதிரே பெரிய சட்டையும் முகம் மூடின துண்டுமாக, உடம்பை மறைத்தே திரிந்தவன் அவன். சட்டை போனதும் விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன.

முகைதீன் விளக்கை அவன் பக்கம் தூக்கிப் பிடித்தார். "என்னலே இது? காய்ச்சல் கீய்ச்சல் வந்துதா?"

"இல்ல மாமா. எல்லாம் நீங்க குடுத்த வளையத்தாலதான்."

"வட... பன்னு எல்லாம்?"

"ஒண்ணையும் விடல்ல மாமா" என்றான் பூதத்தான். நயினாரைக் காட்டிக் கொடுக்க மனசில்லை.

முகைதீன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பாயிலரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். "போ. ஓட்ட சொல்லட்டும்" என்றார், செத்த வீட்டில் பேசுகிற குரலில்.

பூதத்தான் கையை முன்னால் நீட்டி, தலையை விட்டான். தோளை விட்டான். வயிறு எங்கே உரசும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். எங்கும் உரசவில்லை. ஓட்டைக்கும் அவனுக்கும் நடுவில் இன்னொரு ஆறுமுகத்தாய் போகலாம் போல் இருந்தது. விலாங்கு மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போய் விழுந்தான்.

இருட்டில் உட்கார்ந்தபடியே சிரித்தான். சுத்தியலை எடுத்து இரண்டு தட்டு தட்டினான். பிறகு கணக்கில்லாமல் தட்டினான். பாயிலர் கோயில் மணி போல் முழங்கியது. வெளியே முகைதீன் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்து நயினாரின் கைகள் வந்தன. தலை வந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கன்னத்தைப் பார்த்த பிறகுதான் பூதத்தானுக்கு உறைத்தது. முருங்கைக்காய் சுரைக்காய் ஆகியிருந்தது. தோள் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"அண்ணாச்சி" என்றான் நயினார். "இழுங்க."

பூதத்தான் இழுத்தான். வெளியே கால்மாட்டில் நாலு பேர் எதிர்ப் பக்கம் இழுத்தார்கள். கடைசியில் வெளியே இருந்தவர்கள் ஜெயித்தார்கள். நயினார் மறைந்துபோனான். அதன் பிறகு ஒரே சத்தம், கைதட்டுகிற மாதிரிகூட இருந்தது. சேட் குரல் ஏதோ சொன்னது.

பூதத்தான் தலையில் கை வைத்துக்கொண்டான். தன் வடையைத் தின்று ஒரு பிள்ளை வேலையை இழந்துவிட்டான். பாவம் அவன் தாயார் செண்பகவல்லியின் முகத்தில் இனி எப்படி விழிப்பது? ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெருமூச்சாக மத்தியானம் வரை உப்பைத் தட்டினான். முகைதீன் வெளியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம், வேலை பிழைத்த நன்றியோடு இரண்டு தட்டு தட்டினான்.

சாப்பாட்டு நேரத்தில் தலையை வெளியே நீட்டினான். உடம்பெல்லாம் உப்புத் தூள். எதிரே சேட்டின் நாற்காலியில் நயினார் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் சாமந்தி மாலை. கையில் புதுக் குடை. முகைதீன் அவன் வாயில் லட்டு ஊட்டிக்கொண்டே, ஒரு கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டின் மேல் போட்டிருந்த துணி தரையில் கிடந்தது.

பூதத்தான் ஓட்டையிலிருந்து பாதி வெளியே தொங்கியபடியே, பக்கத்தில் காலி இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த சொர்ணம்மாளைக் கேட்டான்.

"ஏந்தாயி, வேல போன பயலுக்கு எதுக்கு மால, குடையெல்லாம்?"

சொர்ணம்மாள் நிமிர்ந்து, அவன் விலா எலும்பைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். பிறகு சாவகாசமாகச் சொன்னாள்:

"உள்ள வேல தெரிஞ்சும் இந்த ஓட்டையில நொழைய முடியாதவன்தானய்யா அடுத்த மேஸ்திரி, சேட்டோட மான்குர்த்து மில்லுக்குப் பிரம்மநாயகம் மேஸ்திரி ஆனதும் அப்படித்தான், ஒம்மள ஆக்கணும்னுதான் அந்த மனுஷன் தெனம் தன் துட்டப் போட்டு எங்கிட்ட வட சுடச் சொன்னாரு."